மெதுவா நட

இந்த ஈரக் காற்று வந்துவிட்டால் போதும், கணுக்காலுக்குள் ஒருவன் உட்கார்ந்துகொண்டு ஆணி அடிக்கத் தொடங்கிவிடுகிறான், அவனுக்கு அவசரமே கிடையாது, ஒன்று அடிக்கிறான், கொஞ்சம் இளைப்பாறுகிறான், மறுபடி அதே இடத்தில் இன்னொன்று... முக்பில் கன்டெய்னர் கதவில் முதுகைச் சாய்த்து வலது குதிகாலைத் தரையில் படாமல் ஒரு விரற்கடை தூக்கி வைத்திருந்தான், பார்க்கிறவர்கள் களைத்துப்போய் நிற்கிறான் என்றுதான் நினைக்க வேண்டும், களைப்பில் குற்றமில்லை, விடிந்ததிலிருந்து குடைப்பெட்டிகளைக் கூரை வரை அடுக்கியவன் களைக்காமல் சிரித்துக்கொண்டா நிற்பான், களைப்புக்காக யாரையும் ஊருக்கு அனுப்பியதில்லை, உடைந்துபோனால்தான் அனுப்புவார்கள். கூட வேலை செய்த ஹஸாவை அனுப்பினார்களே. முதுகு பிடித்துக்கொண்டது என்று கொஞ்ச நாள் பாயில் கிடந்தான், முக்பிலின் அக்காள் புருஷன் காயித், எல்லாருக்கும் வேலை கொடுத்தவர், விமான டிக்கெட்டோடு வந்து நின்றார், கூடவே ஒரு புதுக் கம்பளி, கம்பளி கொடுத்து அனுப்புகிறவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியுமா, "இது சீனா, யீவூ ஊரு, மாப்ளே, இங்க கை கால் இருக்கிறவனுக்குத்தான் விசா" என்று முக்பிலைப் பார்த்துச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஹஸா இப்போது ஏமனில், சொந்த ஊரான ஹுதைதாவில், துறைமுக வாசலில் அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம், அங்கே முதுகு நன்றாக இருக்கிறவனுக்கே மூட்டை கிடைப்பதில்லை, இவனுக்கு யார் தருவார்கள். முக்பில் இங்கே பெட்டி தூக்கினால்தான் அங்கே அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் அடுப்பு எரியும், அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை, ஆனாலும் மூளை சும்மா இருக்கிறதா.

பூட்டுப் பெட்டி. இரும்புப் பூட்டுகள் நிறைந்த அட்டைப்பெட்டி, மேல் அடுக்கிலிருந்து நழுவி நேராகக் கணுக்காலில், கோடையில் நடந்தது, நல்லவேளை அப்போது கன்டெய்னருக்குள் அவன் மட்டும்தான், கத்தக்கூட இல்லை, சட்டைக் கையை வாயில் திணித்துக்கொண்டான், வேலை முடிந்த பிறகுதான் பூட்ஸைக் கழற்றினான், கால் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அன்றிலிருந்து ஒரு உபாயம், வெறுங்கையோடு நடக்கக் கூடாது. தோளில் ஒரு பெட்டி இருந்தால் யாருக்கும் நொண்டுவது தெரியாது, சுமைகாரன் அப்படித்தான் அசைவான், சுமை அவனை இழுக்கிறது என்று விட்டுவிடுவார்கள், அப்பாவும் இதைத்தானே செய்தார், ஹுதைதாவில் மாவு மூட்டை சுமந்த அப்பா, மேஸ்திரிக்குக் கேட்காமல் இருக்க மூட்டையில் வாயைப் புதைத்துத்தான் இருமுவார், கடைசியில் மாவில் சிவப்பாகப் பட்டது... வேண்டாம், அதை இப்போது எதற்கு. காயித் குடோனுக்கு வருகிற நேரமெல்லாம் முக்பில் கையில் ஏதாவது இருக்கும், ஒன்றுமில்லாவிட்டால் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடப்பான், காயித்துக்கு அவன்மேல் பெருமை, "என் மச்சினன் ஒரு நிமிஷம் சும்மா நிக்க மாட்டான்" என்று சூடான் வியாபாரிகளிடம் சொல்லிக்கொள்கிறார். குடோனில் அவனை வெறுங்கையோடு பார்க்கிறவர் ஒரே ஒருவர்தான், வேலை முடிந்து வெளியே போகும்போது வாசலில் உட்கார்ந்திருக்கிற காவல்காரர் லோ.

அந்த வாசலை இப்போது தாண்ட வேண்டும். தகரக் கூண்டு, உள்ளே காலடியில் சிவப்பாக எரியும் கணப்பு, கண்ணாடிக் குப்பியில் தேயிலை மிதக்கும் வெந்நீர், கீச்சுக் குரலில் யாரோ ஒருத்தி அழுதுகொண்டே பாடுகிற ரேடியோ, மேல்வரிசையில் பல்லில்லாத லோ, சீருடை தோளில் தொளதொளவென்று தொங்குகிறது. முக்பில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை நேராக வைக்கப் பார்த்தான், நேராக வைக்க வேண்டும் என்று நினைக்கும்போதுதான் அது இன்னும் கோணுகிறது, சட்டைப்பையிலிருந்து சிகரெட்டை எடுத்து நீட்டினான், லோ வாங்கி வழக்கம்போலக் காதில் செருகிக்கொண்டார், ஆனால் இன்று விடவில்லை, எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார், காலையில் சொன்ன அதே பேச்சு, ஏதேதோ சொல்லி நடுவில் அந்தச் சொல், சியென். பிறகு சோறு தின்கிற மாதிரி விரல்களை வாய்க்குக் கொண்டுபோனார். சியென் என்றால் பணம், இந்த ஊரில் கால் வைத்த அன்றைக்கே எல்லாரும் கற்றுக்கொள்கிற சொல் அதுதான், அதற்குப் பிறகுதான் தண்ணீரும் கழிப்பறையும். அவனுக்குப் புரியவில்லை என்று கண்டு லோ தன் கைபேசியை வாயருகில் பிடித்து நெடுநேரம் பேசி அனுப்பினார், முக்பிலின் சட்டைப்பையில் அது வந்து விழுந்து துள்ளியது. "ஹாவ், ஹாவ்," சரி, சரி என்று சொல்லிவிட்டு நடந்தான், முதுகுக்குப் பின்னாலிருந்து, எதிர்பார்த்துக்கொண்டே இருந்த அந்தச் சொல் வந்தது, ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை.

"மான் ஸோ."

மான் என்றால் மெதுவா, ஸோ என்றால் நட. அவனுக்குத் தெரிந்த சீனமெல்லாம் பெட்டி ஏற்றுகிற இடத்தில் பொறுக்கியது, வேகமா, மெதுவா, மேலே, கீழே, இடது, உடையும், விடு, பிடி, அதில் மெதுவா என்பது பாரம் தூக்கும் வண்டி பின்னால் வரும்போது கத்துகிற சொல். மெதுவா நட. கால் அடிபட்ட பிறகு முதல்முறை வெறுங்கையோடு இந்த வாசலைத் தாண்டியபோது லோ இதைச் சொன்னார், பார்த்துவிட்டான் கிழவன். ஹுதைதாவில் ஒரு சுமைகாரனைப் பார்த்து மெதுவா நட என்று யார் சொல்வார்கள், சொன்னால் அது கிண்டல், கிண்டலுக்கு அடுத்தபடி மிரட்டல். அன்று போனவன் திரும்பிவந்து சிகரெட் பெட்டியை நீட்டினான், வாய்க்குப் பூட்டு, லோ ஒன்றை எடுத்துச் சிரித்தார், தோளில் தட்டினார், பேரம் முடிந்தது என்று அர்த்தம். மறுநாளும் நீட்டினான், மறுநாளும் அதே சொல்தான் வந்தது, நினைவிருக்கிறது தம்பி, நானும் மறக்கவில்லை என்பது போல. அதற்குப் பிறகு ஊரே அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது, நூடுல்ஸ் கடைக்காரன், சலூன்காரி, மருந்துக்கடைப் பெண், பழக்கடைக்காரி, அவன் திரும்பி வாசலைத் தாண்டும்போதெல்லாம் மான் ஸோ, மான் ஸோ, ஒரு கால் இழுத்தால் இத்தனை கண்ணுக்கா தெரியும், இந்த நகரத்தில் இத்தனை லட்சம் பேருக்கு வேறு பார்க்க ஒன்றுமே இல்லையா.

பேருந்தில் இடம் இருந்தது. அவன் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகத்தான் வரும், ஆள் நின்றுகொண்டு வந்தாலும் அதில் உட்காரமாட்டார்கள், முதலில் வலித்தது, இப்போது அதுதான் இந்த ஊரில் வெளியூர்க்காரனுக்குக் கிடைக்கிற ஒரே சொகுசு, காலை அதன் அடியில் நீட்டிக்கொள்ளலாம். எதிரே ஒருத்தி தன் முகத்தைப் பார்க்கிற பாவனையில் கைபேசியைத் தூக்கி அவனைப் படம் எடுத்தாள், எடுக்கட்டும், தாடியை எடுத்துக்கொள்ளட்டும், கால் விழாமல் இருந்தால் சரி. வெளியே மழை வருகிறதா இல்லையா என்று முடிவு செய்யாத சாயங்காலம், பெட்டி கட்டுகிற ஒட்டுநாடாவின் கிரீச்சொலி ஒவ்வொரு கடைக்குள்ளிருந்தும்... லோ வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை, திருப்பித் தர ஆரம்பித்தார், அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. ஒருநாள் ஆரஞ்சு, ஒருநாள் அவன் குப்பியை வாங்கி வெந்நீர் நிரப்பித் தந்தார், குளிர் தொடங்கியதும் செய்தித்தாளில் சுற்றிய வெல்லக்கட்டி, இந்தப் பக்கத்துக் கரும்பு வெல்லம், வாயில் போட்டால் மண்வாசனையோடு கரைந்தது. லஞ்சம் வாங்குகிறவன் எதற்குத் திருப்பித் தருகிறான், கணக்கை மூடவிடாமல் இழுத்துப் பிடிக்கத்தானே. போன வாரம் ஒரு பிளாஸ்திரி, கறுப்பாக, கற்பூர நெடியோடு, அதை அவன் உள்ளங்கையில் அறைந்து வைத்துவிட்டுக் கணுக்காலைச் சுட்டிக்காட்டினார், எல்லாம் தெரியும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான், இனி மறைக்க என்ன இருக்கிறது. பிளாஸ்திரியை ஒட்டவில்லை, ஒட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும், உள்பையில் அப்படியே கிடக்கிறது, வலிக்கிற காலுக்கு மேல் மூன்று முழம் தள்ளி மருந்தை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவன் உலகத்தில் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

இன்று காலையில்தான் அந்தப் பணப்பேச்சு வந்தது. சிகரெட் போதவில்லை, ஆகட்டும், ஆனால் எவ்வளவு, இன்று கொடுத்தால் நாளைக்கு, நாளைக்குக் கொடுத்தால்... அந்தப் பயத்தில்தானே நடுப்பகலில் அப்படிச் சொன்னான். காயித் குடோனுக்கு வந்திருந்தார், முக்பில் தோளில் பெட்டியோடு அவர் முன்னால் போய் நின்றான், வாய் தானாகத் திறந்தது.

"மச்சான், கேட்டுல இருக்கிற ஆளு பெட்டி எடுக்கிறான்."

"யாரு, அந்தப் பல்லில்லாதவனா?"

"ஆமா."

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"உன் கண்ணால?"

"என் கண்ணால."

எண்ணெய் சிந்திய தரையில் பெட்டி போவதுபோல அவ்வளவு சுலபமாகப் போனது பொய், தள்ளக்கூட வேண்டியிருக்கவில்லை. காயித் ரொட்டியைக் கிழித்தபடி யோசித்தார், "குடோன் முதலாளி ஜின் சாயங்காலம் மக்ரிப் தொழுகைக்கு அப்புறம் நம்ம டீக்கடைக்கு வரான். நீயே அவன் முன்னால சொல்லு. ராத்திரிக்குள்ள அந்தக் கூண்டுல வேற ஆளு உட்கார்ந்திருப்பான்." அவ்வளவுதான் வேலை. கூண்டில் வேறு ஆள், புது ஆள், அவனுக்கு முக்பில் நொண்டி என்று தெரியாது, முதல் நாளிலிருந்தே தோளில் ஏதாவது சுமந்துகொண்டு வெளியே போனால் என்றைக்குமே தெரியப்போவதில்லை. பெரியவருக்கு வேறு வேலை கிடைக்கும், இது அவர் ஊர், அவர் நாடு, அவரை யாரும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், கிடைக்காதா என்ன... பல்லில்லாத ஆளுக்கு, அந்த வயதில். கிடைக்கும். கிடைக்காவிட்டால்? கிடைக்காவிட்டால் நான் என்ன செய்ய, என் அடுப்பை அணைத்துவிட்டு அவர் கணப்பை எரிய வைக்கவா?

கைபேசி சட்டைப்பையில் நெருப்புத் துண்டாகக் கிடந்தது. எவ்வளவு கேட்கிறான் என்று தெரிந்துகொள்வது நல்லது, கேட்டுவிட்டுப் போனால் பொய் சொல்லும்போது குரல் நடுங்காது. குரல்செய்தியை அரபியாக மாற்றித் தரும் செயலியில் போட்டான், அது யோசித்தது, சுழன்றது, லோவின் பொக்கைவாய்ப் பேச்சு அதற்கும் எட்டவில்லை போலிருக்கிறது, கடைசியில் எழுத்து வந்தது: பணம் நீ ஒரு சோறு. ஞாயிறு வீடு. மாடு வாங்கு. பானை புதிய. பயப்படாதே. முக்பில் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். மாடு வாங்குவதா, ஒரு முழு மாடா, எதற்கு, வீட்டில் கல்யாணமா, பானையும் சேர்த்தா, சிகரெட்டில் ஆரம்பித்தவன் மாட்டில் வந்து நிற்கிறான், அடுத்தது வீடு கட்டித் தரச் சொல்வான். கடைசியில் அந்தப் பயப்படாதே. பயமுறுத்துகிறவனைத் தவிர வேறு யார் அப்படிச் சொல்கிறார்கள், ஹுதைதாவில் சோதனைச் சாவடியில் துப்பாக்கியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு சொல்வார்களே, பயப்படாதே தம்பி, பயப்படாதே. சரி, அப்படியென்றால் சரி, தான் சொல்லப்போவது ஒன்றும் தப்பில்லை, மாடு கேட்கிறவன் பெட்டியும் எடுப்பான், இன்று எடுக்காவிட்டால் நாளை எடுப்பான், கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னதாக இருக்கட்டும். இப்படி நினைத்ததும் வலி கொஞ்சம் குறைந்தது, அல்லது பேருந்து நின்றதால் இருக்கும்.

இறங்கினால் அரபி எழுத்துப் பலகைகள் வரிசையாக எரிகிற தெரு, சுட்ட இறைச்சி வாசனை, காயித்தின் டீக்கடை தெருவின் கோடியில். அங்கே வெறுங்கையோடு நுழைய முடியாது, கதவிலிருந்து அவர் மேசை வரை நீளமான தரை, எல்லாரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அதனால்தான் எப்போதும் பழக்கடையில் ஒரு நிறுத்தம், வேனிலில் தர்பூசணி, இப்போது பம்ளிமாஸ் மூட்டை, தோளில் போட்டுக்கொண்டு போய் மேசையில் இறக்கினால் அன்பளிப்பு ஆயிற்று, காலுக்கு மறைப்பும் ஆயிற்று. கடைக்காரி வலைப்பையில் பழங்களைப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள், முக்பில் காத்திருந்தான். மின்சார ஸ்கூட்டரில் ஒருவன் வந்து நின்றான், மழைக்கோட்டு வண்டியையும் சேர்த்து மூடியிருந்தது, இறங்கவே இல்லை, இரண்டு பாதமும் பலகைமேல், கடைக்காரி ஆரஞ்சுப் பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டாள், அவன் முறுக்கினான், அவள் பின்னாலேயே சொன்னாள், மான் ஸோ. ஸ்கூட்டர் தெருமுனையில் மறைந்துவிட்டது. முக்பில் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டியில் உட்கார்ந்திருக்கிறவனிடம் மெதுவா நட என்கிறாள். அடுத்து நாய்க்குட்டியை மார்போடு அணைத்தபடி ஒருத்தி, திராட்சை வாங்கினாள், மான் ஸோ. அடுத்து ஓட்டமும் நடையுமாக ஒரு கல்லூரிப் பையன், அவன் கால்கள் குதிரைக்கால்கள், அவனுக்கும். கடைக்காரி ஒருவர் காலையும் பார்க்கவில்லை, தராசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணே, பழக்கடைக்குக் காவல் நிக்கிறீங்களா?"

மா ஷியூலான். வடக்கே நிங்ஷியாவிலிருந்து வந்த முஸ்லிம் பெண், காயித்துக்கும் தெருவில் பாதி வியாபாரிகளுக்கும் மொழிபெயர்ப்பவள், மதரஸாவில் படித்த இலக்கண சுத்தமான அரபி, அதனால் எல்லாரும் அவளை ஆசிரியை என்ற அர்த்தத்தில் உஸ்தாதா என்றுதான் கூப்பிடுவார்கள், மரியாதை பாதி, கேலி பாதி.

"உஸ்தாதா, இவ எல்லாரையும் மெதுவா நடக்கச் சொல்றா."

"ஆமா, அதுக்கென்ன?"

"ஸ்கூட்டர்ல வந்தவனையும் சொன்னா. அவன் கால் தரையிலயே படலை."

ஷியூலான் அவனையே பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், தலைத்துணி நழுவுகிற அளவுக்கு. "அண்ணே, நீங்க கிளம்புறப்ப என்ன சொல்வீங்க? மஅஸ்ஸலாமா. சமாதானத்தோட போன்னு. அப்ப இவ்ளோ நேரம் யாரோட சண்டை போட்டீங்கன்னு யாராவது கேட்டாங்களா? இதுவும் அப்படித்தான். போய்ட்டு வாங்கன்னு அர்த்தம். விருந்தாளியை அவசரமா துரத்தக் கூடாதுல்ல, அதான் மெதுவா போங்கன்னு சொல்றது. எத்தனை வருஷமா இருக்கீங்க இந்த ஊர்ல?"

ஸலாம். போர் நடக்கிற ஊரிலிருந்து வந்தவன், ஒரு நாளில் எத்தனை முறை அந்தச் சொல்லைச் சொல்கிறான், ஒருமுறையாவது சண்டை ஓய்ந்துவிட்டது என்று நினைத்திருக்கிறானா. அப்படியென்றால் நூடுல்ஸ்காரன், சலூன்காரி, மருந்துக்கடைப் பெண்... யாருமே பார்க்கவில்லை. இத்தனை மாதம் இந்த நகரம் அவன் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தது என்று நினைத்தானே, அது அவனைப் பார்க்கவே இல்லை, நிம்மதியாக இருக்க வேண்டும், ஏன் ஏதோ கையிலிருந்து நழுவியது போல இருக்கிறது. இல்லை, இருக்கட்டும், லோ விஷயம் வேறு, லோ பணம் கேட்டார், அது மாறாது, செயலி பொய் சொல்லுமா. கைபேசியை நீட்டினான். "இதைக் கொஞ்சம் கேளு தங்கச்சி. எவ்வளவு கேக்கிறான்னு மட்டும் சொல்லு."

அவள் காதில் வைத்துக்கொண்டாள். புருவம் சுருங்கியது. "பல்லு இல்லாம பேசுறார், உள்ளூர்ப் பேச்சு வேற கலந்திருக்கு, இருங்க." மறுபடி கேட்டாள். இந்தத் தடவை கேட்டுக்கொண்டே சிரிப்பு அடங்கிப்போய் முகம் வேறு மாதிரி ஆனது. "முகாபி தம்பின்னு கூப்பிடுறார், உங்க பேர் அவர் வாயில அப்படித்தான் வருது. 'நீ தினமும் எனக்கு சிகரெட் குடுக்கிற. அந்த கேட்டுல எவ்வளவோ பேர் போறாங்க வராங்க, ஒருத்தனும் நின்னு என் மூஞ்சியப் பார்க்க மாட்டான். உனக்கு நான் ஒரு சாப்பாடு பாக்கி. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. மாட்டுக்கறி உங்க ஆளுங்க கடையிலதான் வாங்குவேன். சட்டி புதுசு, பன்னிக்கறி படாதது. பயப்படாம சாப்பிடலாம்.' அப்புறம், 'கால் எப்படி இருக்கு, அந்த பிளாஸ்திரிய ராத்திரி ஒட்டு, காலையில எடு, தண்ணி பட விடாத'ங்கிறார்."

"பணம்?"

"எந்தப் பணம்?"

"சியென்னு சொன்னானே. காலையிலயும் சொன்னான். சியென்."

"ஓ." அவள் கையைக் காற்றில் உயர்த்திக் காட்டினாள். "சியென், குரல் ஏறினா பணம்." கையை வெட்டுவதுபோல் கீழே இறக்கினாள். "சியென், இறங்கினா பாக்கி, கடன். அவர் இறக்கித்தான் சொல்றார். நான் உனக்குக் கடன்பட்டிருக்கேன்னு." பிறகு கைபேசியைத் திருப்பிக் கொடுத்தபடி, "கால்ல என்னண்ணே?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"வெந்நீர் குடிங்க," என்றாள், இந்த ஊரில் எல்லா நோய்க்கும் எல்லாரும் சொல்வதுபோல, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய்விட்டாள்.

ஏறினால் பணம், இறங்கினால் கடன். அவன் காதுக்கு இரண்டும் ஒன்றுதான், பூட்டுப் பெட்டியையும் குடைப்பெட்டியையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அட்டை, தலையில் வைத்தால்தான் தெரியும். ஆக லோவுக்குக் கால் தெரியும். பார்த்திருக்கிறார், கோடையிலிருந்து, ஊரில் அவர் ஒருவர்தான் பார்த்தவர், பார்த்தும் யாரிடமும் சொல்லவில்லை, அதற்கு ஒரு விலை உண்டு என்றுகூட அவருக்குத் தெரியாது, காயித்தையும் டிக்கெட்டையும் கம்பளியையும் அவர் எங்கே கண்டார். இவன் வாய்ப்பூட்டு வாங்கிக்கொண்டிருந்தான், அவர் சிநேகிதம் வாங்கிக்கொண்டிருந்தார், ஒரே சிகரெட்டில். புதுச் சட்டி. இந்நேரம் அந்தக் கூண்டில் கணப்புக்குக் காலை நீட்டிக்கொண்டு ரேடியோக்காரியோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டிருப்பார், ராத்திரிக்குள் வேறு ஆள். கடைகளுக்குள்ளே கைபேசிகளில் பாங்கு ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்க ஆரம்பித்தது, எல்லாம் ஒரே நேரத்தில் இல்லை, ஒன்று முடியும்போது இன்னொன்று, மக்ரிப், ஜின் வந்திருப்பார். இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை, ஆள் மாறிப்போச்சு மச்சான், தூரத்தில் பார்த்தேன், சரியாகத் தெரியவில்லை என்று சொல்லலாம், ஆனால் காயித் விடுவாரா, கண்ணால பார்த்தேன்னியே என்பார், சாட்சிக்கு ஜின்னும் இருப்பார், பின்னே யார் எடுத்தது என்பார், அப்போது இன்னொரு பெயர் சொல்ல வேண்டும். அல்லது பேசாமல் இருந்துவிடலாம். அதுவும் ஒரு வழிதான், அதை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய், நன்றாகவே நினைத்தான், லோ நல்லவர், நல்லவராக இருப்பதுதான் ஆபத்து, நாளைக்கே காயித்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உங்க ஆளுக்குக் கால் எப்படி இருக்கு என்று கேட்டுவைப்பார், வஞ்சமில்லாதவன் வாயை எந்த சிகரெட்டால் அடைப்பது. ஞாயிற்றுக்கிழமை. சட்டி அடுப்பில் இருக்கும். வேலை போனாலும் வரச் சொல்வார் அந்த ஆள், அதுதான் கொடுமை, யார் சொல்லிப் போனது என்று தெரியாமல் இவன் தட்டில் கறியை அள்ளி அள்ளி வைப்பார், இவன் தின்ன வேண்டும்.

கடைக்காரி மூட்டையைக் கட்டி நீட்டினாள். முக்பில் தோளைக் கொடுத்தான், பாரம் ஏறியதும் உடம்பு பழக்கத்தில் நிமிர்ந்தது, கால் உள்ளே ஒளிந்துகொண்டது, எவ்வளவு சுகம், சுமை இருந்தால் மனிதன் ஒழுங்காக இருக்கிறான். நாலடி வைத்தான். நின்றான். திரும்பி வந்து மூட்டையைப் பலகைமேல் இறக்கி, அப்புறம் வருகிறேன் என்று கையால் காட்டினான், அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், மான் ஸோ. போய்ட்டு வாங்க. அவன் மெதுவாகத்தான் நடந்தான், வேறு எப்படி நடப்பது, வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு ஒரு ஓசை எழுப்பியது, இத்தனை நாள் அந்த ஓசையை அவனே கேட்டதில்லை.

டீக்கடைக் கதவு. ஏலக்காய் மணம், புகை, தொலைக்காட்சியில் ஏதோ ஒரு சண்டை. கோடி மேசையில் காயித், பக்கத்தில் ஜின், வழுக்கைத் தலையும் கறுப்புத் தோல்பையுமாக, நடுவில் பால் டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. தரை நினைத்ததைவிட நீளம். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, இத்தனை மாதத்தில் காயித் முன்னால் இந்தக் கைகள் சும்மா தொங்கியதே இல்லை. காயித் கையைத் தூக்கிக் கூப்பிட்டார், சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது, கண் முகத்திலிருந்து இறங்கிக் கீழே போயிற்று, கீழேயே தங்கிவிட்டது.

"வா மாப்ளே. ஜின் கேக்கிறார், சொல்லு."

"அந்தக் காவல்காரர் ஒண்ணும் எடுக்கலை மச்சான்."

"கண்ணால பார்த்தேன்னு சொன்னியேடா?"

"பார்க்கலை."

"பின்ன எதுக்குச் சொன்ன?"

சொல்ல வேண்டியதில்லை, மேசைக்கு அடியில் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "கால்ல என்ன?"

"பூட்டுப் பெட்டி விழுந்தது."

"எப்ப?"

"கோடையில."

காயித் டீயின் ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினார், ஒதுக்கியதைச் சாஸரின் விளிம்பில் வைத்தார், அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் நல்லது, கம்பளி வாங்கித் தருகிற முகம் அது. "கோடையில," என்று மட்டும் சொன்னார். ஜின் இருவரையும் மாறி மாறிப் பார்த்து என்ன விஷயம் என்று சீனத்தில் கேட்டார்.

"மச்சான், டிக்கெட் பத்தி நீங்க பேசுவீங்க. பேசுங்க, நான் வேணாம்னு சொல்லலை. ஞாயித்துக்கிழமை கழிச்சுப் பேசுங்க."

"ஞாயித்துக்கிழமை என்ன?"

ஜின்னுக்கும் புரியட்டும் என்று முக்பில் அந்தச் சொல்லையே சொன்னான், சியென், உடனே ஜின் நிமிர்ந்து தோல்பையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார், குரல் ஏறிவிட்டது போலிருக்கிறது. மறுபடி சொன்னான், கையை ஷியூலான் செய்ததுபோல் கீழே இறக்கி, குரலையும் கூடவே இறக்கப் பார்த்தான், இறங்கியதா என்று அவனுக்கே தெரியவில்லை, யார் யாருக்குத் தர வேண்டும் என்பதும் அந்த ஒரு சொல்லில் இல்லை, கிழவர் தான் கடன்பட்டதாகச் சொல்லியிருக்கிறார், கடன் இவன் பக்கம் என்பது அவருக்குத்தான் தெரியாது. காயித் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பணம் இல்ல மச்சான்," என்றான் முக்பில். "அந்த கேட்டுக்காரருக்கும் எனக்கும் நடுவுல ஒரு வேளைச் சாப்பாடு பாக்கி இருக்கு."